அன்னப்பிள்ளையக்காவின் கிணற்று வழக்கு

கந்தோர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளையளுக்கு,

ஆட்களுக்கு முன்னாலே எழும்பி நின்று கதைக்க எனக்கு இந்த வயதிலும் நா எழாது. அதனாலேதான் எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. பிழை கிடந்தால் நீங்களே திருத்தி வாசியுங்கோ. இதிலே என்ன படிப்பினை இருக்கிறது என்று என்னைக் கேட்காதேயுங்கோ. அதை நானும் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நீங்கள் இப்போது சட்டத்தரணி என்கிறீர்கள். நாங்கள் பிறக்கிராசி என்போம். நீதிமன்றத்தைக் கோடு என்போம், அலுவலகத்தைக் கந்தோர் என்போம். எங்கள் ஐயா உடுப்பிட்டியில் இருந்து பருத்தித்துறைக் கோட்டுக்குப் போய்வந்த பிறக்கிராசி. பின்னாளில் சட்டசபைக்கும் போனவர். வழக்குக்காரர் எல்லாரும் அவருடைய வீட்டுக்குத்தான் வருவார்கள். ஆம்பிளைகள் முன் அறையிலே கதிரை போட்டு இருந்து நேரே கதைப்பார்கள். பெண்டுகள் அப்படிக் கதைக்க மாட்டார்கள். உள் அறையிலே பாயிலே இருப்பார்கள். இரண்டு அறைக்கும் நடுவே ஒரு கதவு. அந்தக் கதவாலே போய்வருவதுதான் என் வேலை. அவர்கள் சொன்னதை ஐயாவிடம் சொல்வேன். ஐயா கேட்டதை அவர்களிடம் கேட்பேன். இது ஒரு வேலையா என்று சிரிக்காதேயுங்கோ. இதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

வந்த புதிதிலே ஒரு மனிசி, புருஷன் தன்னைச் சந்தியிலே வைத்து ஏசினார் என்று வழக்குக்கு வந்தாள். நான் போய், "கூடாத வார்த்தை சொன்னாராம், ஐயா" என்றேன்.

"என்ன வார்த்தை?"

"கூடாத வார்த்தை, ஐயா."

"பிள்ளை, நான் கோட்டிலை போய் நிண்டு, துரையே, கூடாத வார்த்தை, கூடாத வார்த்தை எண்டு பாடிக்கொண்டு நிக்கிறதோ?"

கதவுக்குப் பின்னாலே போய், கண்ணை மூடிக்கொண்டு அந்த வார்த்தையைச் சொன்னேன். ஐயா சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். பிறகு, "அவை சொன்னதைச் சொல்லு. நீ நினைச்சதைச் சொல்லாதை. நான் கேட்டால் மட்டும் நினைச்சதைச் சொல்லு" என்றார். அவ்வளவுதான் அவர் எனக்குத் தந்த பயிற்சி. நினைத்ததை அவர் கேட்டது என் காலத்திலே ஒரேயொரு தரம். அது இந்த வழக்கிலேதான்.

அன்னப்பிள்ளையக்கா புருஷன் இல்லாதவ. ஒரு மகள். அவவின் வளவும் தமையன் நாகமுத்தரின் வளவும் பக்கத்துப் பக்கத்து வளவு. ஒரே காணியைத் தகப்பன் இரண்டாகப் பிரித்து, முன்பே நடுவிலே நின்ற வேலியை எல்லையாக வைத்து, பிள்ளைகளுக்கு எழுதினது. கிணறு ஒன்றுதான். அது வேலிக்குக் கிட்ட. அக்கா சொல்கிறா, தகப்பன் எழுதின நாளிலே வேலி கிணற்றுக்கு அந்தப் பக்கம், ஆகவே கிணறு என்னுடையது என்று. தமையன் சொல்கிறார், வேலி இந்தப் பக்கம், கிணறு என்னுடையது என்று. வேலி அடைக்கிற ஒவ்வொரு வருஷமும், நடுகிற கதியால் தடி ஒரு சாண் நகரும் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. காணி எழுதின உறுதியை எடுத்துப் பார்த்தால் "எல்லை வேலி" என்று மட்டும் கிடக்கிறது. எந்த இடத்து வேலி என்று அதிலே இல்லை. தகப்பன் செத்துப் போனார். கண்டவர்கள் என்று மிச்சம் இருப்பது இவர்கள் இரண்டு பேரும்தான்.

மகளுக்குக் கலியாணம் பேசி முற்றாகியிருந்தது. அந்த வளவுதான் சீதனம். மாப்பிள்ளை வீட்டார் புகையிலைச் செய்கைக்காரர். கிணறு இல்லாத வளவு தங்களுக்கு எதற்கு என்று நேரே சொல்லிவிட்டார்கள். வழக்கு வென்றால் கலியாணம். இல்லாவிட்டால் இல்லை. அக்கா பாயிலே இருந்து இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வா. நானும் திரும்பத் திரும்பக் கதவாலே கொண்டுபோவேன்.

வழக்கு விளக்க நாளிலே நாகமுத்தருக்காக வாதாட வந்த அப்புக்காத்து எழும்பி ஒரு கதை சொன்னாராம். நான் கோட்டுக்கு உள்ளே போகிறதில்லை. அன்றைக்கும் அக்காவோடு வெளியே வேப்பமரத்தின் கீழே இருந்தேன். எங்கள் கந்தோர்க் கிளாக்கர் வந்து சொல்லித்தான் தெரியும். "எங்கடை கட்சிக்காரர் சாட்சி ஒண்டும் கேக்கேல்லை. தங்கச்சி அம்மன் கோயில்லை சத்தியம் பண்ணட்டும். கிணறு தன்ரை வேலிக்குள்ளைதான் இருந்தது எண்டு சொல்லிக் கற்பூரத்தைக் கையாலை அணைக்கட்டும். அணைச்சால் கிணறு அவவுக்கு. நாங்கள் பேச்சில்லை" என்றாராம்.

அந்தக் காலத்திலே அதற்குச் சட்டம் இருந்தது. ஒரு பகுதி சத்தியத்துக்குக் கூப்பிட்டு மற்றப் பகுதி ஒப்புக்கொண்டால், வழக்கு அந்தக் கற்பூரத்தோடு முடிந்துவிடும். எங்கள் ஐயாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன் கட்சிக்காரி உண்மைக்காரி என்று அவர் நம்பியிருந்தார். உடனே எழும்பி, "ஒப்புக்கொள்ளுறம்" என்று சொல்லிவிட்டார். நாளும் குறித்தாயிற்று.

வெளியே வந்து சிரித்த முகத்தோடு சொன்னார். அக்காவின் முகம் கறுத்துப் போனது. என் காதிலே, "நான் மாட்டன் எண்டு சொல்லு" என்றா.

வீட்டுக்கு வந்து இரண்டு அறையிலும் இருந்துகொண்டு நடந்த கதை இது. நடுவிலே நான்.

"ஏன் மாட்டாவாம்? கிணறு அவவின்ரை வேலிக்குள்ளை இருந்தது பொய்யோ எண்டு கேள்."

"ஆர் சொன்னது பொய் எண்டு? உண்மை. என்ரை கண்ணாணை உண்மை!"

அக்கா சொன்ன சத்தம் கதவைத் தாண்டி முன் அறைக்கே கேட்டுவிட்டது. ஐயா அங்கேயிருந்தே, "அப்ப உது என்ன? இப்ப பண்ணினது சத்தியமில்லையோ?" என்றார்.

"அது வாயிலை வாறது, பிள்ளை. கோயில் வேறை எண்டு சொல்லு."

"உண்மை எண்டால் பிறகென்ன பயமாம்?"

அக்கா சேலைத் தலைப்பை முறுக்கினா. பிறகு, "உண்மைக்குப் பண்ணினாலும் சத்தியம் சத்தியந்தான். நாளைக்கு என்ரை பிள்ளைக்கு ஒரு தலையிடி வந்தால் சனம் என்ன சொல்லும்? அண்ணையின்ரை பேரனுக்கு ஒரு காய்ச்சல் வந்தால் என்ன சொல்லும்? எந்த வீட்டிலை பாடை கட்டினாலும் அது அன்னப்பிள்ளை அணைச்ச கற்பூரந்தான். நான் மாட்டன்" என்றா.

சொன்னதை அப்படியே கொண்டுபோய்ச் சொன்னேன். ஐயாவோடு அப்போது அவருடைய மச்சினர் இருந்தார். தேர்தல் வேலை எல்லாம் அவர்தான் பார்த்தவர். ஐயா சட்டசபைக்கு வோட்டுக் கேட்கப் போகிறார் என்று ஊரெல்லாம் கதை பரவியிருந்த நேரம் அது.

"மச்சான், உமக்கு விசரோ? இப்ப பின்வாங்கினால் பொய் வழக்குப் பிறக்கிராசி எண்டு சனம் சொல்லும். நாகமுத்தருக்கு அந்தப் பக்கத்திலை எத்தினை வீட்டுச் சனம் சொந்தக்காரர் தெரியுமோ? அவவை எப்பிடியும் கோயிலடிக்குக் கொண்டுவாரும்."

"ஆளை இழுத்துக்கொண்டு போய்க் கற்பூரம் அணைக்கச் சொல்லுறதோ?"

"இழுக்கத் தேவையில்லை. உந்தப் பிள்ளை சொன்னால் அவ கேப்பா. பெண்டுகளுக்குப் பெண்டுகள் சொன்னால் ஏறும்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஐயா மச்சினரைப் பார்த்து, "அவள் சொல்லைக் கொண்டு போறவள். அவளைச் சொல்லு உண்டாக்கச் சொல்லாதையும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி அந்த ஒரேயொரு தரக் கேள்வியைக் கேட்டார்.

"இவ்வளவு நாளும் அவவோடை இருந்தனீ. நீ என்ன நினைக்கிறாய்? உண்மையே சொல்லுறா?"

பிள்ளையள், நீங்கள் அந்த இடத்திலே நின்றால் என்ன சொல்வீர்கள்? பொய்காரி என்றால் கண்ணாணை என்று அப்படிக் கத்துவாவா என்று எனக்குள்ளே ஒரு யோசனை. உண்மைக்காரி என்றால் சாமிக்கு ஏன் பயப்பட வேண்டும் என்று இன்னொரு யோசனை. பொய் சொல்கிற ஆள்தானே துணிந்து அணைக்கும் என்று மூன்றாவது யோசனை. ஒன்றுக்குப் பின்னாலே ஒன்று வந்து ஒன்றை ஒன்று தள்ளியது.

"தெரியாது, ஐயா" என்றேன்.

மச்சினர், "நல்ல ஆளை வேலைக்கு வைச்சிருக்கிறீர்!" என்று தலையிலே கை வைத்தார்.

ஐயா, "தெரியாது எண்டு சொல்ல உனக்குப் பயமில்லையோ?" என்றார்.

"பயந்தான், ஐயா."

"நானும் இதைத்தான் அண்டைக்குக் கோட்டிலை சொல்லியிருக்கவேணும். கேட்டுப்போட்டுச் சொல்லுறன், துரையே எண்டு ஒரு வசனம். வாய் முந்தீட்டுது."

அடுத்த தவணையிலே அவர் எழும்பி, கட்சிக்காரியைக் கேளாமல் தான் ஒப்புக்கொண்டது, பிழை தன்னுடையது, சத்தியத்தை நீக்கிச் சாட்சியத்தோடு விளங்க வேண்டும் என்று கேட்டார். நீதவான் துரை எல்லாருக்கும் முன்னாலே அவரை ஏசிவிட்டுத்தான் அதற்கு ஒப்பினாராம். கிளாக்கர் வந்து சொல்லும்போது அவருக்கே கண் கலங்கியிருந்தது. மச்சினர் சொன்னபடியேதான் எல்லாம் நடந்தது. கூட்டம் போடுகிற இடமெல்லாம் பொடியன்கள் பின்னாலே நின்று, "பிறக்கிராசியார், கற்பூரம் வேணுமோ?" என்று கத்தினார்கள். ஒரு கூட்டத்திலே கற்பூரக் கட்டியை மேடைக்கு எறிந்தே விட்டார்கள். ஐயா குனிந்து பொறுக்கி மடியிலே செருகிக்கொண்டு, "இன்னும் எறியுங்கோடா, சாமியறைக்குக் காணாது" என்றார். சனம் சிரித்தது. அவருக்காகச் சிரித்ததோ அவரைப் பார்த்துச் சிரித்ததோ தெரியாது.

இந்த அமளிக்குள்ளேதான் நீதவான் துரை காணி பார்க்க வந்தார். எங்கள் ஊர் நிலம் உங்களுக்குத் தெரியும். கொஞ்சம் மண், அதன் கீழே கல். வேலிக் கதியால் நட வேண்டுமென்றால் அலவாங்குக் கம்பியாலே கல்லிலே குழி குத்த வேண்டும். கதியால் உக்கிப் போனாலும் கல்லிலே குத்தின குழி போகாது. அதைத் தேடிப் பார்க்கச் சொல்லித் துரை உத்தரவு. இரண்டு பகுதியும் அதற்குச் சம்மதம்.

கிணற்றுக்கு அந்தப் பக்கம், தமையனின் பக்கம், மண்ணை வெட்டினார்கள். வரிசையாகக் குழிகள். அக்கா எனக்குப் பின்னாலே நின்று, "பாத்தியோ! நான் சொன்னனெல்லே! என்ரை வேலி!" என்று என் தோளைப் பிடித்து உலுப்பினா. ஐயாவின் முகத்திலே ஒரு வெளிச்சம். உடனே நாகமுத்தர் பாய்ந்து வந்து, "இஞ்சாலையும் வெட்டுங்கோ, இஞ்சாலையும் வெட்டுங்கோ" என்று கிணற்றுக்கு இந்தப் பக்கத்தைக் காட்டினார். வெட்டினார்கள். அங்கேயும் வரிசையாகக் குழிகள். அதே அகலம், அதே இடைவெளி.

துரை இங்கிலீசிலே ஏதோ கேட்டார். மொழிபெயர்க்கிறவர், "இதென்னெண்டு கேக்கிறார்" என்றார். தகப்பன் எந்தக் காலத்திலோ வேலியை மாற்றியிருக்கிறார். தமையன் அக்காவிலும் பார்க்க நன்றாக மூத்தவர். அவர் கண்டது ஒரு வேலி. இவ பிறந்து வளர்ந்து கண்டது வேறு வேலி. எழுதும்போது நின்றது எது என்று கல்லுக்குத் தெரியாது, மனிசருக்கும் தெரியாது.

திரும்பி வரும்போது ஐயா காருக்குள்ளே இருந்து, "அவ சத்தியம் பண்ணியிருந்தாலும் உண்மை. அவன் பண்ணியிருந்தாலும் உண்மை. நான் எதை வெல்ல நிண்டனான்?" என்றார். என்னைக் கேட்கவில்லை. ஆகவே நான் ஒன்றும் சொல்லவில்லை.

தேர்தலிலே ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நிறத்திலே வோட்டுப் பெட்டி. ஐயாவுக்கு மஞ்சள். பெண்டுகளுக்கு அப்போதுதான் வோட்டு வந்த புதிது. பெட்டி எது என்று விளங்கப்படுத்த என்னை வீடு வீடாக அனுப்பினார்கள். போன வீட்டிலெல்லாம், "கற்பூரக்காரருக்கு எந்தப் பெட்டி?" என்றுதான் கேட்டார்கள். மஞ்சள் என்று சொல்லிவிட்டு வந்தேன். போடுவதற்குக் கேட்டார்களோ, போடாமல் விடுவதற்குக் கேட்டார்களோ, நான் என்னத்தைக் கண்டேன். ஐயா வென்றார். எதனாலே வென்றார் என்று அவருக்கும் விளங்கவில்லை. மச்சினர் மட்டும் தன்னாலேதான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவர் கொழும்புக்குப் போவதற்கு முன்னாலே தீர்ப்பு வந்தது. கிணறு இரண்டு பேருக்கும் பொது. வேலி இரண்டு கரையாலும் வந்து கிணற்றுக் கட்டோடு நிற்க வேண்டும். ஆளுக்கொரு கப்பி போட்டுக்கொள்ளலாம். மாப்பிள்ளை வீட்டார் அதே கிழமை சொல்லியனுப்பினார்கள்: "அரைக் கிணத்துக்கு நாங்கள் ஆள் இல்லை."

அக்கா பாயிலே இருக்கவும் இல்லை. நின்றபடியே கத்தினா. "உன்ரை ஐயா என்ரை கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போய்க் கோயில்லை விட்டிருக்கவேணும்! ஒரு கட்டிக் கற்பூரம்! முழுக் கிணறும் என்ரை பிள்ளைக்கு!"

"நீங்கள்தானே அக்கா மாட்டன் எண்டனீங்கள்?"

"நான் சொல்லுவன். நான் படியாத மனிசி. அவர் படிச்ச ஆளெல்லே? போய்ச் சொல்லு."

போய்ச் சொன்னேன். ஐயா பயணப் பெட்டிக்குள்ளே சால்வையை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். அப்படியே கதிரையிலே இருந்துவிட்டார். "மாட்டன் எண்டதும் அவதான். இதுவும் அவதான். என்ன?" என்றார்.

"ஓம், ஐயா."

"இரண்டையும் மனதாரத்தான் சொல்லுறா" என்றார். கொடிகாமத்திலே ரயில் கோச்சி ஏறிப் போனார்.

அதன் பிறகு கந்தோரை இளைய பிறக்கிராசி ஒருவர் பார்த்தார். ஐயா இடைக்கிடை வந்து போவார். கந்தோரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. உங்களுக்கும் சொல்லித் தந்திருப்பார்கள். எதிராளியோடு நாங்கள் கதைக்கக்கூடாது. வழக்கு முடிந்தாலும் கதைக்கக்கூடாது. ஒரு நாள் மத்தியானம் பின் படலையிலே ஒரு ஆள் நிழல் தெரிந்தது. பார்த்தால் நாகமுத்தர்.

"பிள்ளை, இஞ்சை ஒருக்கா வா."

"ஐயா இல்லை."

"தெரியும். உன்னட்டைத்தான் வந்தனான். என்ரை மருமேளுக்கு, தங்கச்சியின்ரை பிள்ளைக்கு, கொக்குவில்லை ஒரு பொடியன் இருக்கிறான். பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கிறவன். அவைக்குத் தோட்டமும் வேண்டாம், கிணறும் வேண்டாம். நான் போய்ச் சொன்னால் உவள் கதவு திறவாள். நீ சொல்லுக் கொண்டுபோறனீதானே?"

"நான் ஐயாவைக் கேக்கவேணும், அண்ணை."

"ஐயா கொழும்பாலை வருமட்டும் அவை பாத்துக்கொண்டிருப்பினமே? வேறை இரண்டு இடமும் பாக்கினம்."

நான் படலையைப் பிடித்தபடி நின்றேன். போகத் திரும்பினவர் திரும்பவும் வந்தார். "இன்னுமொண்டு. நான் அண்டைக்குச் சத்தியத்துக்குக் கூப்பிட்டது, அவள் பண்ணமாட்டாள் எண்டு தெரிஞ்சுதான். சின்னனிலை இருந்தே தெரியும். அதையும் சொல்லு."

போகாமல் விட்டால் பிள்ளையின் கலியாணம் கைவிட்டுப் போகும். போனால் கந்தோர்க் கட்டுப்பாடு. அதைக்கூட ஒரு மாதிரி மனதுக்குள்ளே தீர்த்துக்கொண்டேன். அந்த இரண்டாவது கதையைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. அதைச் சொன்னால் அக்கா நெருப்பாக எழும்புவா, வந்த சம்பந்தம் அதோடு போகும். சொல்லாமல் மற்றதை மட்டும் சொன்னால், அது அவர் சொன்னதில் பாதி; மிச்சம் நான் உண்டாக்கினது. கேட்பதற்கு ஐயாவும் இல்லை. தந்தி அடிக்கலாமா என்றுகூட யோசித்தேன். தந்தியிலே இதை எப்படி எழுதுவது?

போனேன். அக்கா கிணற்றடியிலே தன் பக்கத்துக் கப்பியிலே தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றா. கொக்குவில் பொடியனைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே கயிற்றை இழுத்தா. ஆர் சொல்லிவிட்டது என்று கேட்டா. சொன்னேன். கயிறு நின்றது.

"வேறை என்ன சொன்னவர்?"

இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். பிறகு எனக்கே தெரியாமல் மற்றதையும் சொல்லிவிட்டேன், அவர் சொன்ன அதே சொல்லிலே.

அக்கா வாளியைக் கிணற்றுக் கட்டிலே வைத்தா. தண்ணீர் ததும்பி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வழிந்தது. வேலிக்கு அங்காலே ஆள் நிற்கிற அசுமாத்தம் கேட்டது. இருமல் சத்தமும் கேட்டது. அக்கா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"அது எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றா. வாளியைத் தூக்கி இடுப்பிலே வைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தா. நாலடி போய்த் திரும்பாமலே, "ஓம் எண்டு சொல்லு" என்றா.

வேலிக்கு அங்காலே நின்றவருக்கு அது நேரே கேட்டிருக்கும். என்றாலும் நான் ஒழுங்கைப் பாதையாலே சுற்றிப் போய் அவருடைய படலையடியிலே நின்று, "ஓம் எண்டு சொல்லச் சொன்னவ, அண்ணை" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

கலியாணம் நடந்தது. நாகமுத்தர் தாய்மாமனாக நின்று செய்ய வேண்டியதெல்லாம் செய்தார். அண்ணனும் தங்கச்சியும் ஒரு சொல்லுக் கதைக்க நான் காணவில்லை.

ஐயா கொழும்பாலே வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். கட்டுப்பாட்டை மீறினதையும் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்துக் கதவுக்குப் பின்னாலே நின்றுதான் சொன்னேன். அவர் ஏசாமல் முழுவதையும் கேட்டார். பிறகு, "நான் அங்கை சட்டசபையிலை நாள் முழுக்க எழும்பி நிண்டு கதைக்கிறன், பிள்ளை. இன்னும் ஒருதரும் எனக்கு ஓம் எண்டு சொல்லேல்லை" என்றார்.

முன் அறையிலே ஆட்கள் வந்து காத்திருந்தார்கள். அவர் எழும்பிப் போகப் போனவர், கதவடியிலே நின்றார்.

"அந்த ஓம் எதுக்கு? பொடியனுக்கோ, தமையனுக்கோ?"

"நான் கேக்கேல்லை, ஐயா."

"கேளாதை" என்றார்.